பதினோரு எட்டு

ஆமா அண்ணாச்சி, நான்தான். அந்த வீடியோவுல கத்துத பொம்பள நானேதான். நீங்க போனையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தப்பவே தெரிஞ்சுட்டு. நேரா கேட்டிருக்கலாம்லா, கடிச்சா வைக்கப் போறேன்? மணியாச்சியில ஏறுன காலேஜ் பிள்ளைய ரெண்டு பேரு கேட்டுட்டு, போட்டோவும் எடுத்துட்டு, கோவில்பட்டியில இறங்கியாச்சு. நீங்க சாத்தூர் வரைக்கும் யோசிச்சிருக்கிய.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? நான் இன்னும் செத்தா போயிட்டேன், எடத்தப் புடிக்க ஓடி வார?" இதான? ஊரு பூரா இதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுது. போன மாசம் எங்க தெருக் கல்யாணத்துல, பந்தியில முந்தி உக்காந்த நாத்தனாரப் பாத்து ஒருத்தி இதையே எடுத்து விடுதா. எல்லாவளும் விழுந்து விழுந்து சிரிக்கா. என்னையப் பாத்து, "சரியாக் குடுத்தக்கா, அந்த வடக்கத்திக்காரிக்கு நல்லா வேணும்"ங்கா. நான் இலையை மூடிட்டு எந்திரிச்சிட்டேன். அதுல என்ன வடக்கு, தெக்கு? ஒரே சட்டை போட்டுத்தான நிக்கோம்.

இல்ல, இன்னைக்கு டூட்டி இல்ல. திருநெல்வேலியில டிக்கெட் பாக்க வேலை, விளையாட்டுல வந்ததுதான். இன்னைக்குப் பாஸ்ல போறேன். நாளைக்குக் காலையில சென்னையில ஹேண்ட்பால் சங்கத்து ஆளுக மூணு பேரு உக்காந்து விசாரிக்காவ. எல்லாம் அந்த வீடியோ பஞ்சாயத்துதான். என் மேல ஒண்ணும் இல்ல. நான் சாட்சி, அவ்வளவுதான். நடந்தது நடந்தபடி சொல்லிட்டு வரணும். நான் எதுக்கும் பயந்தவ கிடையாது, பாத்துக்கிடுங்க.

ஹேண்ட்பால்னா தெரியுமா? தெரியாதுன்னு தயங்காம சொல்லுங்க, எங்கம்மைக்கே தெரியாது. கால்பந்தை கையால ஆடுதது மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பக்கத்துக்கு ஏழு பேரு. ஆறு பேரு ஓடுவாளுவ, ஒருத்தி கோல்ல நிப்பா. அது நான். ஆறு மீட்டர்ல இருந்து, தவ்வி, முழு வேகத்துல எறிவாளுவ. கையுறை கிடையாது. உடம்பைக் குடுத்துத்தான் தடுக்கணும். மூக்கு ரெண்டு தடவ உடைஞ்சிருக்கு. இந்த விரலப் பாருங்க, மோதிரம் ஏறாது. மோதிரம் போட யாரும் வரவும் இல்ல, அது வேற கதை.

பதினாலு வருசம் இந்திய டீமுக்கு நின்னிருக்கேன். இசக்கியம்மாள்னு சொல்ல வராம எல்லாரும் இசக்கி தீதி, இசக்கி தீதிம்பாளுவ, தீதின்னா இந்தியில அக்கா. பதினாலு வருசத்துல கோலை விட்டு நகண்டது கிடையாது. காய்ச்சலோட நின்னிருக்கேன், அப்பா செத்த பத்தாம் நாள் போய் நின்னிருக்கேன். எவளாவது வந்து இசக்கி எடத்தை விட்டுட்டான்னு சொல்லட்டும் பாப்போம்.

அல்மாட்டியில நடந்துச்சு. கஜகஸ்தான். ஆசிய மகளிர் போட்டி. அந்த ஊரு குளிரைப் பத்திக் கேக்காதிய. விசா வர லேட்டாகி, மத்த டீமெல்லாம் வந்து மூணு நாள் பழகுன பொறவு நாங்க போய் இறங்குதோம். இறங்குன மறுநாளே மேட்ச். அங்க உள்ள ஆளுக பந்துல பிசின் தடவித்தான் ஆடுவாவ, கையில கும்முனு ஒட்டிக்கிடும். நாங்க சிமெண்டுத் தரையில ஆடிப் பழகுனவ. எங்க ஊர்ல பிசின் தடவுனா மண்ணு ஒட்டி பந்து கொழுக்கட்டை ஆயிரும். முதல் மேட்ச்ல எங்க பிள்ளையளுக்குப் பந்தை விட வரல. எறிஞ்சா கையிலயே நிக்கி. பன்னெண்டு கோல்ல தோத்தோம். மறுநாள் ராத்திரி வரைக்கும் விட்டனா? ஓட்டல் வராந்தாவுல எல்லாத்தையும் நிறுத்தி வச்சு பிசின் பந்தை எறிய வச்சேன். ரெண்டாவது மேட்ச் ஜெயிச்சோம். மூணாவது உஸ்பெக்காரியளோட. அதையும் ஜெயிச்சா அடுத்த சுத்து. எங்க டீம் அதுவரைக்கும் பாக்காத சுத்து. டிரா கூடப் பத்தாது, ஜெயிக்கணும்.

இப்ப சக்சேனா சாரப் பத்திச் சொல்லணும். எங்க கோச். நல்ல மனுசன்தான், கெட்டவர்னு சொல்ல மாட்டேன். ஆனா புதுசு புதுசா வீடியோ பாத்துட்டு வந்து எங்க உயிர எடுப்பாரு. அதுல ஒண்ணுதான் இது. கடைசி நேரத்துல கோல் அவசரமா வேணும்னா கோல்கீப்பரை வெளிய இழுத்துட்டு, ஏழாவதா ஒருத்தியை அடிக்க உள்ள விடுதது. கோல் காலியாக் கிடக்கும். சட்டத்துல எடம் இருக்கு, உலகத்துல எல்லாவளும் செய்யுதாளுவதான். நான் அன்னைக்கே சொன்னேன், "சார், வீட்டைத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் சந்தைக்குப் போறது மாதிரி இருக்கு"ன்னு. இந்தியில சொன்னேன், என் இந்தி அவருக்குப் புரியல.

அந்த ஏழாவது ஆள்தான் சுமன். சுமன்னா ஆம்பளன்னு நினைக்காதிய, அரியானாக்காரப் பிள்ளை. இருவத்தி நாலு வயசு, நல்ல உயரம், எருமை மாட்டை ஒத்தக் கையால நிறுத்துவா. இதுல ஒரு கண்டிசன் இருக்கு. வெளிய வாரவ ஓரக் கோட்டைத் தாண்டுன பொறவுதான் உள்ள போறவ காலை வைக்கணும். ஒரு அங்குலம் முந்தி வச்சாலும் விசில். உள்ள போனவளை ரெண்டு நிமிசம் வெளிய உக்காத்தி வைப்பாவ, ஆடிக்கிட்டிருக்கவள்ல இன்னொருத்தியும் வெளிய வந்துரணும், பந்தும் எதிராளிக்குப் போயிரும்.

அப்ப என்ன செய்யணும்? சுமன் என்னையப் பாத்துட்டே நிக்கணும்ல? சக்சேனா சார் கூடாதுன்னுட்டாரு. "நீ தீதியைப் பாக்காத, பந்தைப் பாரு. திரும்பிப் பாத்தா அரை நொடி போயிரும்"னு. அதுக்கு ஒரு கணக்கு போட்டாரு. அவரு துண்டைத் தூக்குனதும் நான் ஓடணும். கோல்ல இருந்து எங்க பெஞ்சுக் கோட்டுக்கு எனக்குப் பதினோரு எட்டு. நான் கிளம்புததை மட்டும் ஓரக்கண்ணுல பாத்துட்டு சுமன் வாய்க்குள்ள எண்ணணும். பதினொண்ணு முடிஞ்சா கண்ணை மூடிக்கிட்டு உள்ள போகலாம். கேம்ப்ல ஒரு மாசம், ஒரு நாளைக்கு நாப்பது தடவ. நான் ஓட, அவ எண்ண. ஒரு நாளும் தப்புனது கிடையாது. சாப்பிடும்போது கூட எதிர்த்தாப்புல உக்காந்து நான் நடந்து வாரதை எண்ணுவா, கள்ளி. "தீதி, இன்னைக்கு ஒம்பதுலயே வந்துட்டிய, பசியா?"ம்பா.

சரி, மேட்சுக்கு வாரேன். இருவத்தி நாலுக்கு இருவத்தி நாலு. நாப்பது நொடி இருக்கு. பந்து எங்க கையில, அந்தப் பக்கம் அவளுவ கோலுக்கு முன்னால எங்க பிள்ளைய சுத்திச் சுத்தி ஆடுதாளுவ. சக்சேனா சார் துண்டைத் தூக்குனாருன்னு சொல்லுதாவ. நான் பாக்கல. பாக்கலன்னா பாக்கல. அந்தக் கூட்டத்துல, அந்தச் சத்தத்துல, ஒரு பச்சைத் துண்டு, அதுவும் ஓரத்துல டீக்கறை பட்ட துண்டு, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி ஆட்டுனா தெரிஞ்சிருமா? நான் பந்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். நான் நகரல. பாத்தா சுமன் உள்ள நிக்கா. விசில் அடிச்சாச்சு.

பந்து போச்சு. சுமனுக்கு ரெண்டு நிமிசம். நாப்பது நொடி மேட்சுல ரெண்டு நிமிசம்னா ஆயுள் தண்டனை. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். கோல்ல இருந்து ஓடிப் போய்க் கத்துனேன். அதத்தான் எவனோ மேல உக்காந்து போன்ல எடுத்திருக்கான். வீடியோவுல கவனிச்சியளா, சுமன் விரலு மட்டும் ஆடும். எண்ணிப் பாக்கா. அதுக்கும் சிரிக்காவ, "எண்ணத் தெரியாத பிள்ளை"ன்னு. பொறவு அவளுவ ஆறு பேரு, நாங்க அஞ்சு பேரும் நானும். கடைசி நாலு நொடியில ஓரத்துல இருந்து தவ்வி அடிச்சா ஒருத்தி. கோல். எப்படிப் போச்சுன்னு கேக்காதிய. காலுக்கு நடுவுல போச்சு. போதுமா?

அன்னைக்கு ஓட்டலுக்கு வந்து சக்சேனா சார் கேட்டாரு. "நீ ஓடுனியா, இல்லையா?" "இல்ல." "ஒரு எட்டு கூடவா?" "நான் நகரல சார்." எழுதிக் குடுன்னாரு, எழுதிக் குடுத்தேன். அவரு முகம் இருண்டு போச்சு. ஏன்னா நான் பாதி ஓடியிருந்தா அது கணக்குத் தப்பு, அவரு சொல்லிக் குடுத்த கணக்கு. யாருக்கும் பெரிய தண்டனை கிடையாது. நான் நகரவே இல்லைன்னா, கீப்பர் கோல்லயே நிக்கும்போது இவளா இஷ்டத்துக்கு உள்ள பாஞ்சிருக்கா. அது ஒழுங்கீனம். ஊரு வந்ததும் சங்கத்துல ஒரு வருசம் கேம்ப்புக்கு வரக்கூடாதுன்னுட்டாவ. வீடியோவப் பாத்து நாடே சிரிக்கும்போது அவங்களுக்கும் ஒரு ஆளு வேணும்ல.

ஒரு வருசம்னா உங்களுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு அரியானா போலீஸ்ல விளையாட்டுக்காரங்களுக்கு உள்ள எடம் ஒண்ணு கிடைக்க இருந்துச்சு. இந்த வருசம் டீம்ல பேரு இருக்கணும். அடுத்த வருசம் வயசு தாண்டிரும். வீட்டுல மூத்தவ, அப்பா கிடையாது. அதான் அப்பீல் போட்டிருக்கா, அதான் நாளைக்கு விசாரணை.

நீங்க கேக்கிய, அவ என்ன சொன்னான்னு. அதச் சொல்லணும்லா. அவளும் எழுதிக் குடுத்திருக்கா. "தீதி நகண்டாங்களான்னு நான் பாக்கல. நான்தான் தப்பா எண்ணிட்டேன்"னு. பாத்தியளா? அவளே ஒத்துக்கிட்டா. பொறவு எனக்கு என்ன? ஏர்போர்ட்டுல மட்டும் பக்கத்துல வந்து நின்னா. அவ்வளவு கத்தியிருக்கேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகலாம்ல? என் பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. "தீதி, நான் பதினொண்ணு எண்ணினேன்"ன்னா. அவ்வளவுதான். அவ பதினொண்ணு எண்ணுனா, பன்னெண்டு எண்ணுனா, எனக்கு எப்படித் தெரியும்? பையைக் குடுட்டின்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

இருங்க, போன் அடிக்கி. நினைச்சேன், அவதான்.

...

கேட்டிருப்பிய. என் இந்தியக் கேட்டுச் சிரிக்காதிய. சென்னைக்கு வந்துட்டாளாம். அரியானாவுல இருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்திருக்கா. ஸ்டேசனுக்கு வந்து என்னையக் கூட்டிட்டுப் போறாளாம், எனக்கு ஊரு புதுசுன்னு. எனக்கு, சென்னை, புதுசு. பொறவு என்ன சொல்லுதா தெரியுமா? "தீதி, நாளைக்கும் நான் அதையேதான் சொல்லுவேன். தப்பா எண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னு கேப்பேன். மன்னிச்சா சரி, இல்லைன்னா விதி. நீங்க பயப்படாதிங்க"ங்கா.

பயப்படாதிங்களாம். எனக்கு! நேத்து வந்த பிள்ளை, என் மடியில படுத்துத் தூங்குன பிள்ளை, அவ எனக்குத் தைரியம் சொல்லுதா. இவ யாரு என்னையக் காப்பாத்த? நான் கேட்டனா? பிச்சை போடுதாளா எனக்கு? இசக்கி இன்னொருத்தி தயவுல பேரு வாங்கணும்னு எந்தச் சாமிகிட்டயும் வேண்டிக்கிடல. எதுத்தாப்புல ஆறு பேரு பாஞ்சு வரும்போது ஒத்தையா நின்னவளுக்கு, நாலு எட்டு வச்சுட்டு நின்னதைச் சொல்லுததுக்கு என்ன பயம்...

என்ன பாக்கிய?

நாலு எட்டுன்னா சொன்னேன்?

சொல்லிட்டேன் போல. நீங்களும் கேட்டுட்டிய. அந்த ஜன்னலை ஏத்தி விடுங்க, காத்து வரட்டும்.

ஆமா. துண்டைப் பாத்தேன். பாக்காம எப்படி இருப்பேன், நாப்பது நொடியில நான் வேற எதைப் பாப்பேன்? பாத்த உடனே கிளம்பிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது எட்டுல திரும்பிப் பாத்தேன். கேம்ப்ல பாத்ததே இல்ல, அன்னைக்கு ஏன் பாத்தேன்னு தெரியல. அண்ணாச்சி, பதினாலு வருசம் கோலுக்கு உள்ள நின்னு வெளியதான் பாத்திருக்கேன். மேட்ச் நடக்கும்போது, ஆளில்லாம, வெளிய இருந்து பாத்தது அதான் முதல் தடவ. அவ்வளவு அகலமா இருக்கும்னு எனக்குத் தெரியாது. லாரி போகலாம் போல இருக்கு. என் எடம் நான் இல்லாம அப்படியே சும்மா நிக்கி. எனக்குப் பொறுக்கல. ஓடிப் போய் உள்ள நின்னுக்கிட்டேன்.

யாரும் பாக்கல. கேமராவும் பந்து பின்னால, சக்சேனா சாரும் பந்து பின்னால. நான் திரும்புனதை சுமன் ஒருத்தி பாத்திருக்கலாம், கிளம்புன பொறவு பாக்காதன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கு. அவ எண்ணுனா. என் காலை நம்பி எண்ணுனா. சரியாப் பதினொண்ணு எண்ணி உள்ள போனா. அப்பத்தான் நான் போய் "கூறு இருக்கா"ன்னு கேட்டேன்.

சார் கேட்டப்ப ஏன் இல்லன்னேன்னு நினைக்கிய. வாயில வந்துட்டு. முப்பத்தி நாலு வயசு எனக்கு. அடுத்த கீப்பர் ஒருத்தி, பத்தொம்பது வயசு, பெஞ்சுல தயாரா உக்காந்திருக்கா. பயந்து போய்த் திரும்பி ஓடுனான்னு சொன்னா என்னைய மறுபடி கூப்பிடுவாவளா? ஒரு தடவ நகரலன்னு சொன்னேன். பொறவு அதையே சொல்லிச் சொல்லி, எனக்கே நான் நகராத மாதிரிதான் ஞாபகம் இருக்கு. உங்ககிட்ட இப்ப எத்தனை தடவ சொல்லிட்டேன், எண்ணுனியளா? நானே நம்பித்தான் சொன்னேன்.

வெக்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும். மூக்கு உடைஞ்சதை விடவா வலிக்கப் போவுது.

இதையும் சொல்லிக்கிடுதேன், அந்தக் காலிக் கோல் விளையாட்டு தப்பு. அதை நாளைக்கும் சொல்லுவேன். சக்சேனா சார் எதுக்க உக்காந்திருந்தாலும் சொல்லுவேன். அதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

இல்லண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சமாதானம் சொல்ல வேண்டாம். வயசாயிட்டு, மனசு பதறிட்டுன்னுலாம் சொல்லாதிய. பதறுனவ கத்தியிருக்கக் கூடாதுலா. என்னைய எடுத்துட்டா எடுத்துக்கிடட்டும். பத்தொம்பது வயசுக்காரி நிக்கட்டும், அவளும் நல்லாத்தான் நிக்கா, நான் சொல்லிக் குடுத்த பிள்ளைதான். சுமன் ஸ்டேசனுக்கு வருவா. வந்து பையை வாங்குவா. இந்தத் தடவ அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன், பேசுனா அழுது என்னையத் தடுத்துருவா. நேரா உள்ள போறேன். மூணு பேரு உக்காந்திருப்பாவ, என்ன நடந்துச்சும்பாவ. உக்காரச் சொல்லுவாவ, உக்கார மாட்டேன். "நாலு எட்டு ஓடுனேன், நின்னுட்டேன். அந்தப் பிள்ளை சரியாத்தான் எண்ணுனா. எழுதிக்கிடுங்க"ம்பேன்.